தொண்ணூற்றேழு கோடுகள்

"வியாழக்கிழமைக்குத் துணி எடுத்து வைக்கட்டுமா, வேண்டாமா?" என்று இன்ஸாஃப் கேட்டாள். "குளிர்காலத் துணியும் வேணும்னா பரண்ல இருக்கிற பெட்டியை இறக்கணும். அதுக்குத்தான் கேக்கறேன்."

லேத் மேஸ்திரியான உஸ்தா பத்ராவி அவித்த மொச்சையை ரொட்டியில் அள்ளிய கையோடு அப்படியே நின்றுவிட்டார். எந்த ஊருக்குப் பயணம் என்று கேட்க வாயெடுத்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்து அதை மூடிக்கொண்டார். நேற்று மாலை காபிக் கடையில் நடந்தது, அவருக்கு முன்பே வீடு வந்து சேர்ந்துவிட்டது.

"யார் சொன்னா?"

"நாலு பேர் சொன்னாங்க. அஞ்சாவதா சொல்ல வந்தவளை டீ குடுத்து அனுப்பிட்டேன்."

நடந்தது இதுதான். எகிப்தின் மஹல்லா நகரில், லேத் பட்டறைகள் உள்ள அந்தத் தெருவின் காபிக் கடையில் பத்ராவி தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஹாஜ் மித்வல்லி வந்து, மேஜைமேல் ஒரு பித்தளைத் திருகுமணியை வைத்தார். மித்வல்லி பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவர். சட்டைப் பையில் பள்ளிக்கூடத்து முத்திரை பின்னுகிற எந்திரம் ஒன்று அவரிடம் இருந்தது. அதில் நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு திருகுமணிகள். ஒன்று தொலைந்துபோய்ப் போன மாதம் உஸ்தா தெசூகி புதிதாகச் செய்துகொடுத்தார். மற்றது தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. எண்ணெய்க் கையால் திருகினால் வழுக்குகிறது.

"புதுசு மாதிரியே இன்னொண்ணு வேணும்," என்றார் மித்வல்லி. "தெசூகிகிட்டதான் கேட்டேன். சரின்னார். அடுத்த வாரம் பார்த்தா கடையைப் பூட்டிட்டுப் பொண்டாட்டியோட ராஸ் எல்பர்ருக்குக் கடல் காத்து வாங்கப் போயிட்டாராம்."

பத்ராவி மேஜைமேல் இருந்த அந்தப் புதுத் திருகுமணியை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தார். சுற்றிலும் பொடிப் பொடியாகச் சாய்சதுரப் பூ. லேத்தில் சுழலுகிற பித்தளை மேல் பல் வைத்த இரண்டு சின்னச் சக்கரங்களை அழுத்தினால் அந்தப் பூ பதியும். நர்லிங் என்பார்கள். விரல் வழுக்காமல் இருப்பதற்காகச் செய்வது. பத்ராவி இருபத்தெட்டு வருடத்தில் பல்லாயிரம் பிடிகளுக்குப் போட்டிருக்கிறார். ஆனால் இவ்வளவு பொடியாக, இவ்வளவு கூர்மையாக அவர் பார்த்ததில்லை. அதை அவர் சொல்லவில்லை. பக்கத்து மேஜைக்காரர்தான் சொன்னார். அது தெசூகியின் கை என்றும், மஹல்லாவில் வேறு யாருக்கும் அது வராது என்றும்.

தெசூகியின் பட்டறை பத்ராவியின் பட்டறைக்கு நேர் எதிரே. பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு குழாயின் மரையை யார் வெட்டியது என்று வந்த வாக்குவாதத்துக்குப் பிறகு, இருவரும் ஸலாம் மட்டும் சொல்லிக்கொள்வார்கள். பக்கத்து மேஜைக்காரருக்கு இது நன்றாகவே தெரியும்.

பத்ராவி எழுந்து நின்றார்.

"வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குள்ள இதே மாதிரி, நூலிழை மாறாம இன்னொண்ணு செஞ்சு உன் கையில தரேன். தரலைன்னா என் பொண்டாட்டி தலாக்."

அந்தத் தெருவில் ஆண்கள் இப்படிச் சத்தியம் பண்ணுவது பெரிய விஷயமில்லை. முலாம்பழம் இனிப்பு என்பதற்குப் பண்ணுவார்கள். நம் ஆட்டக்காரன் பந்தைக் கையால் தொடவில்லை என்பதற்குப் பண்ணுவார்கள். விருந்தாளி இன்னும் ஒரு தட்டு சாப்பிட வேண்டும் என்பதற்குக்கூடப் பண்ணுவார்கள். பத்ராவியும் பண்ணியிருக்கிறார், கணக்கே இல்லாமல். ஆனால் முலாம்பழத்தை யாரும் தேதி போட்டு எடுத்து வைப்பதில்லை. இந்தச் சத்தியத்துக்கோ நாள் இருந்தது, பிற்பகல் மூன்று மணி அஸர் என்று நேரம் இருந்தது, மேஜை மேல் மாதிரி இருந்தது, பதினேழு சாட்சிகள் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருந்தார்கள்.

"பழத்துக்கு ஒரு தடவை, பந்துக்கு ஒரு தடவை, இப்போ பித்தளைக்கு," என்றாள் இன்ஸாஃப். "உங்க பாக்கெட்ல கிடக்கிற தீப்பெட்டியா நான், பேச்சுக்குப் பேச்சு எடுத்து மேஜை மேல வைக்கறதுக்கு? இந்தத் தடவை நீங்க சொன்ன வார்த்தைப்படியே நடக்கட்டும். செஞ்சா இருக்கேன். செய்யலைன்னா தும்யாத்துல எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பத்ராவியைப் பயமுறுத்தியது. அவள் இல்லாத வீட்டை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தார். கையிலிருந்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தார். ஆனாலும் உஸ்தா என்று பட்டம் வாங்கிய மேஸ்திரி அல்லவா, "இது ஒரு மணி நேர வேலை," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவரிடம் மூன்று ஜோடி நர்லிங் சக்கரங்கள் இருந்தன. பெரிய பல் லாரி ஜாக்கிப் பிடிக்கு. நடுத்தரப் பல் மற்ற எல்லாவற்றுக்கும். மூன்றாவது பொடிப்பல் ஜோடி, அதை உருக்குமேல் வைத்தும் அழுத்தலாம் என்று முன்பு அவர் பண்ணிய ஒரு சத்தியத்தில் பல் உடைந்து கிடந்தது. ஆகவே நடுத்தரத்தை மாட்டினார். பித்தளைத் தண்டை மாதிரியின் அளவுக்குக் கடைந்து, எண்ணெய் விட்டு, சக்கரத்தை அழுத்தினார்.

பூ குழம்பி விழுந்தது. தண்டின் சுற்றளவு பல்லுக்குச் சரியாக வகுபடாவிட்டால், இரண்டாவது சுற்றில் பற்கள் முதல் சுற்றின் தடத்தில் விழாமல் பக்கத்தில் விழுந்து, எல்லாவற்றையும் கலைத்துவிடும். கற்றுக்குட்டிகள் செய்கிற தப்பு. பத்ராவி யாராவது பார்த்துவிட்டார்களா என்று தெருவை ஒருமுறை பார்த்தார். பிறகு துளியூண்டு சீவினார், மறுபடி அழுத்தினார். இப்போது பற்கள் தங்கள் தடத்திலேயே போய் உட்கார்ந்தன. பளிச்சென்று அழகான பூ. ஆனால் மாதிரியின் பக்கத்தில் வைத்தால், பட்டாணியும் கடுகும். மெதுவாக அழுத்தினால் பொடியாக வருமோ என்று பார்த்தார். பூ மங்கலாக வந்ததே தவிரப் பொடியாக வரவில்லை. மாலைக்குள் ஏழு திருகுமணிகள் செய்துவிட்டார். ஏழும் ஒன்றுக்கொன்று இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. மாதிரிக்கு ஒன்றும் உறவில்லை.

மாதிரியை வீட்டுக்கு எடுத்துப் போனார். எதற்காகத் தன்னை வெட்டி விடப்போகிறார்கள் என்று தானாவது பார்க்க வேண்டாமா என்று இன்ஸாஃப் அதை வாங்கினாள். கோடு தொடங்குகிற இடத்தில் கண்மையால் ஒரு புள்ளி வைத்து, குண்டூசி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

"தொண்ணூத்தேழு."

"தொண்ணூத்தாறா இருக்கும்."

"தொண்ணூத்தேழு. நான் எண்ணத் தெரியாதவளா?"

பத்ராவியும் எண்ணினார். தொண்ணூற்றேழுதான். தன் பூவை எண்ணினார். நாற்பத்தெட்டு. தெசூகியிடம் தன்னுடைய பல்லில் பாதி அளவே உள்ள பொடிப்பல் சக்கரம் ஒன்று இருக்கிறது, எங்கிருந்தோ வாங்கி, யாரிடமும் சொல்லாமல் ஒளித்து வைத்திருக்கிறான் என்பது அந்த நிமிடமே அவருக்கு உறுதியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை கருவிக் கடையில் புதிய பொடிப்பல் ஜோடி வாங்கினார். எண்பத்து நான்கு கோடு வந்தது. கடைக்காரர் தன் பெட்டி முழுவதையும் கவிழ்த்துக் காட்டி, அதைவிடப் பொடியாக இருந்த ஒரே ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தார். அது போட்ட பூவைத் தடவினால் மணல் காகிதம் மாதிரி இருந்தது. இன்ஸாஃப் அதை எண்ண மறுத்துவிட்டாள்.

மத்தியானம் பத்ராவிக்கு ஒரு யோசனை உதித்தது. எண்பத்து நான்கு விழுகிற சக்கரத்தில் தொண்ணூற்றேழு விழவேண்டும் என்றால் தண்டைப் பெரிதாக்கினால் போதுமே. சிகரெட் பெட்டியின் பின்பக்கம் கணக்குப் போட்டார், இரண்டரை மில்லிமீட்டர் அதிகம் வைத்துக் கடைந்தார், அழுத்தினார். தொண்ணூற்றேழு! தானே இரண்டு முறை எண்ணிப் பார்த்துக்கொண்டு மித்வல்லியின் தையலகத்துக்கு ஓடினார்.

திருகுமணி உட்காருகிற குழிக்குள் அது நுழையவில்லை. எந்திரத்தின் பக்கத்தகட்டைக் கழற்றிக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் குழியை அகலப்படுத்திவிடுவதாக பத்ராவி சொன்னார். மித்வல்லி யோசிப்பதற்குள் தகடு கழன்று, பட்டறைக்குப் போய், அகலமாகித் திரும்பி வந்துவிட்டது. இப்போது திருகுமணி கனகச்சிதமாக உட்கார்ந்தது. பின்னல்காரி நவால் குனிந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தாள்.

"இது அதுக்கு மாமனார் மாதிரி இருக்கு," என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். மித்வல்லி சிரிக்கவில்லை.

"நூலிழை மாறாமன்னு சொன்னது நீதான் உஸ்தா. நான் சொல்லலை."

பத்ராவி மாமனாரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அதன்பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. அகலமான குழியில் தேய்ந்த பழைய திருகுமணிகூட நிற்கவில்லை. லொடலொடவென்று ஆடியது, நூல் அறுந்தது. பள்ளிக்கூடம் திறக்கப் பன்னிரண்டு நாள். முத்திரை இல்லாத சட்டைகள் நானூறு. குழிக்குள் ஒரு பித்தளை வளையம் அடித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால்தான் எந்திரம் ஓடும். அவர் வளையத்தை மறந்துவிட்டு மறுபடி பூவில் இறங்கிவிடுவார் என்று பயந்து, மித்வல்லி நவாலையும் இன்னொரு பின்னல்காரியையும் பட்டறையில் காவலுக்கு உட்கார வைத்தார்.

புதன்கிழமை காலை முழுவதும் இரண்டு பெண்களும் ஸ்டூலில் உட்கார்ந்து, அவருடைய டீயைக் குடித்து, அவருக்குக் குடும்ப வாழ்க்கை பற்றி எடுத்துச் சொன்னார்கள். மனைவியை வைத்துச் சத்தியம் செய்கிற ஆணைத் திருத்த என்னென்ன செய்யலாம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். லேத்தின் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. தகடு ஒருவழியாகப் பழைய அளவுக்கு வந்தபோது நண்பகல் லுஹர் தொழுகைக்கு பாங்கு சொன்னார்கள்.

தொழுகை முடிந்ததும் அவர் பள்ளிவாசல் ஷேக்கிடம் போய் ஒதுக்குப்புறமாக உட்கார்ந்தார். ஷேக் பொறுமையாகக் கேட்டார். மனைவியை நிஜமாகவே பிரிய வேண்டும் என்று மனதில் நினைத்தாயா, அல்லது பேச்சுக்கு அழுத்தம் கொடுக்கச் சொன்னாயா என்று கேட்டார். அல்லாஹ் மீது ஆணையாக அழுத்தத்துக்குத்தான் என்றார் பத்ராவி. அப்படியானால் தலாக் ஆகாது, பரிகாரமாகப் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போடு, இனிமேல் நாக்கை அடக்கு என்றார் ஷேக். பத்ராவிக்கு நடை துள்ளியது. வழியில் இன்ஸாஃபுக்குப் பிடித்த கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அவள் பையில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். செய்தியைக் கேட்டாள், கொய்யாவையும் வாங்கிக்கொண்டாள்.

"நல்லது. பத்துப் பேருக்கு நானே சமைச்சுப் போடறேன்," என்றாள். "ஷேக்கு உங்களை அல்லாஹ்கிட்ட விடுவிச்சுட்டார். என்கிட்ட யாரு விடுவிக்கறது? பதினேழு பேருக்கு முன்னாடி என்னை வச்சுப் பேசினீங்க. ஒருத்தர்கிட்டயாவது என்னை விடக் குறைஞ்சதா எதையாவது வச்சுப் பேசியிருக்கீங்களா? உங்க லேத்தை வச்சு ஒரு நாள் சத்தியம் பண்ணியிருப்பீங்களா?"

லேத்தை வைத்துச் சத்தியம் செய்வதை பத்ராவியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை என்பதும், அது தன் முகத்தில் தெரிகிறது என்பதும் அவருக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் மடித்து வைத்த துணியை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் தெசூகிகிட்டப் போறேன்," என்றார் கடைசியில்.

இன்ஸாஃபின் கை நின்றது. பதினோரு வருடமாக அந்தப் பெயரை அவர் வீட்டுக்குள் சொன்னதில்லை.

"போய்?"

"அந்தச் சக்கரத்தை ஒரு நாளைக்குக் குடுன்னு கேப்பேன். கால்ல விழணும்னாலும் விழுவேன்."

அவள் கடைசித் துணியையும் வைத்துப் பையை மூடினாள். பிறகு, தானும் வருவதாகச் சொன்னாள். தும்யாத் அதே வழியில்தான் இருக்கிறது, சக்கரம் கிடைக்காவிட்டால் அங்கிருந்தே அக்கா வீட்டுக்குப் போய்விடலாம், பஸ்ஸுக்கு இரண்டு தடவை அலைய வேண்டாம் என்று விளக்கமும் சொன்னாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் மைக்ரோபஸ் ஏறினார்கள். பை அவள் மடியில். மாதிரித் திருகுமணி அவர் சட்டைப் பையில். பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்து, சக்கரத்தை வாங்கிக்கொண்டு ஒரு மணிக்கு மஹல்லா திரும்பினால், அஸருக்கு முன் இரண்டு மணி நேரம் கிடைக்கும். சக்கரம் மட்டும் இருந்தால் அரைமணி நேரமே தாராளம். வழியெல்லாம் என்ன சொல்லிக் கேட்பது என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்ததில் மூன்றும் கடைசியில் சண்டையில் முடிந்தன.

ராஸ் எல்பர்ரில் தெசூகி தங்கியிருந்த, அவர் மனைவி தஹியாவின் அண்ணன் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தெருவுக்கு எண் இருந்தது, வீட்டுக்கு எண் இருந்தது, வாசலில் தெசூகியே இருந்தார். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில், மடியில் ஒரு பெட்டி மஷப்பக் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தும்யாத்தின் பேர்போன இனிப்பு அது. ஜிலேபிக்குப் பெரியப்பா என்று சொல்லலாம். ஒரு வாரத்துத் தாடி. சட்டை கசங்கியிருந்தது. விடுமுறைக்கு வந்தவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் போலிருக்கிறது என்று பத்ராவி நினைத்துக்கொண்டார். அவருக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"ஸலாம் உஸ்தா. கடல் காத்து ஒத்துக்கிட்டுதா?"

"ஒத்துக்கிட்டுது," என்றார் தெசூகி. பதினோரு வருடம் கழித்து வந்த இரண்டாவது வாக்கியம் அவரைத் திடுக்கிட வைத்திருந்தது.

பத்ராவி சட்டைப் பையிலிருந்து திருகுமணியை எடுத்து நீட்டினார். தெசூகி அதைப் பார்த்த பார்வையில் ஒரு தகப்பனின் பெருமை இல்லை. கடன்காரனைத் தெருமுனையில் கண்டவர் மாதிரி நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார்.

"இதுக்கு ஜோடி கேக்கறார் மித்வல்லி. மூணு நாளா முயற்சி பண்ணிட்டேன், வரலை. உன் கை எனக்கு இல்லை தெசூகி. ஒத்துக்கறேன். குழாய் மரையும் நீ வெட்டினதுதான், அதையும் ஒத்துக்கறேன். நான் இவளை வச்சு ஒரு பேச்சுப் பேசிட்டேன். இவ போயிட்டா எனக்கு வீடு இல்லை. அந்தப் பொடிச் சக்கரத்தை இன்னிக்கு ஒரு நாள் குடு. சாயங்காலம் நானே கொண்டுவந்து தரேன்."

பின்னால் நின்ற இன்ஸாஃப் பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினாள். இருபத்தெட்டு வருடத்தில் தன் கணவர் ஒரே மூச்சில் இரண்டு தப்பை ஒத்துக்கொண்டு அவள் கேட்டதில்லை. சக்கரம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், திரும்பிப் போகிற மைக்ரோபஸ்ஸில் ஏறிவிடலாமா என்று அவளுக்கு அப்போதே தோன்றிவிட்டது. அதை உடனே சொல்லிவிட அவள் ஒன்றும் அவசரப்படவில்லை.

தெசூகி தொண்டையைச் செருமினார். எல்லாம் சக்கரத்தில் இல்லை, கைவாகு வேண்டும், எண்ணெய் சரியாக விழ வேண்டும், பித்தளையின் மனம் அறிய வேண்டும் என்று என்னென்னவோ சொன்னார்.

"கைவாகு இருக்கட்டும். சக்கரம் எங்கே?"

"பத்திரமா இருக்கு. பூட்டி வச்சிருக்கேன்."

"சாவி?"

தெசூகி தலையை மட்டும் மெல்ல மேலே தூக்கினார். பத்ராவியும் நிமிர்ந்து பார்த்தார். மாடி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த தஹியா, கடைசிக் கிளிப்பைக் கொடியில் மாட்டிவிட்டுக் கம்பியில் சாய்ந்து கீழே குனிந்தாள்.

"சாவியும் கிடையாது, சக்கரமும் கிடையாது உஸ்தா. அன்னிக்குப் பல்லு தடம் மாறி விழுந்து, தானா அமைஞ்ச பூ அது. 'இன்னொண்ணு உங்களால முடியாது'ன்னு நான் சொன்னதுக்கு, 'முடியலைன்னா நீ தலாக்'னு என் முகத்துக்கு நேரே சத்தியம் பண்ணினார் இவர். இல்லைன்னா நான் எதுக்கு ஒன்பது நாளா அண்ணன் வீட்ல துணி காயப் போடறேன்? நீ பையோட மேலே வாடி இன்ஸாஃப், ரெண்டாவது கட்டில் காலியாத்தான் இருக்கு."